சிகாகோவில் புதிதாகக் குடியேறியவரின் கார் இரவில் எங்கே நிற்கும்? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

வேலை மாற்றலாகியோ படிக்கவோ சிகாகோவுக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கேட்பது, "என்ன கார் வாங்கலாம்?" என்பதுதான். ஹோண்டாவா டொயோட்டாவா, புதியதா பழையதா என்று நண்பர்களும் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிடுவார்கள். இந்த நகரத்தில் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில், அதற்கு முன் வேறொரு கேள்விக்கு விடை தேடச் சொல்வேன்: அந்தக் கார் இரவில் எங்கே நிற்கப்போகிறது? கார் ஓடுவது ஒரு நாளில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். மற்ற நேரமெல்லாம் அது நின்றுகொண்டிருக்கிறது. சிகாகோவில் பணம் கரைவதும் மனம் நோவதும் பெரும்பாலும் அந்த நிற்கும் நேரத்தில்தான்.

நகர எல்லைக்குள் குடியிருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. கார் வாங்கித் தெருவில் நிறுத்தலாம். கார் வாங்கி மாத வாடகைக்கு ஓர் இடம் பிடிக்கலாம். கார் வாங்காமல் ரயில், பஸ்ஸோடு தேவைப்படும்போது மட்டும் மணிக்கணக்கு வாடகைக் காரை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் ஐந்து அளவுகோல்களால் எடைபோடுகிறேன். முதலாவது, வீடு அமைந்துள்ள தெருவின் தன்மை. இரண்டாவது, வேலை நேரம், அதிலும் இரவுப் பணி உண்டா என்பது. மூன்றாவது, வெளியே தெரியாத செலவுகள். நான்காவது, டிசம்பர் முதல் மார்ச் வரையிலான பனி. ஐந்தாவது, விதி தெரியாமல் ஒருமுறை தவறிவிட்டால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை. புதியவருக்கு இந்த ஐந்தாவதுதான் மிக முக்கியம், ஏனென்றால் முதல் ஆண்டில் தவறாமல் இருப்பது கடினம்.

## எந்த வழியானாலும் முதலில் உரிமம்

இல்லினாய் மாநிலத்தில் புதிதாகக் குடியேறியவர் சொந்த நாட்டு உரிமத்தை வைத்து 90 நாள்வரை ஓட்டலாம். அதற்குள் இங்குள்ள உரிமத்தை வாங்கிவிட வேண்டும். ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவந்த பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தைச் சிலர் தனி உரிமம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மூல உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றது. மூல உரிமம் கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை, 90 நாள் கெடுவையும் அது நீட்டித்துத் தராது.

இந்திய உரிமத்தைக் கொடுத்துவிட்டு இங்குள்ளதை அப்படியே மாற்றி வாங்க முடியாது. பார்வைச் சோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு மூன்றையும் கடக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 35 கேள்விகள். 28 சரியாக இருந்தால் தேர்ச்சி. பெரியவர்களுக்குக் கட்டணம் 30 டாலர். ஓட்டுத் தேர்வுக்குக் காரை நாம்தான் கொண்டுபோக வேண்டும், அந்தக் காருக்குக் காப்பீடு இருப்பதற்கான சான்றையும் காட்ட வேண்டும் என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. கார் வாங்காதவர் நண்பரின் காரை இரவல் வாங்கலாம், அல்லது ஓட்டுநர் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்புகள் எடுத்து அவர்கள் காரிலேயே தேர்வுக்குப் போகலாம். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகவும் அது உதவும் என்பதால், ஊரில் இருபது ஆண்டு ஓட்டியவருக்கும் பள்ளியையே பரிந்துரைப்பேன்.

சாலையில் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஸ்டாப் பலகை. தெருவில் யாருமே இல்லாவிட்டாலும், இரவு இரண்டு மணியானாலும், சக்கரம் முழுதாக நின்று பிறகுதான் நகர வேண்டும். மெல்ல உருட்டிக்கொண்டே கடப்பதை நிறுத்தியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும். ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும். தடைப்பலகை இல்லாத இடத்தில், சிவப்பு விளக்கு எரியும்போதும் முழுதாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். இருவழிச் சிறு சாலையில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டி நின்றால் எதிரே வருபவரும் நின்றாக வேண்டும். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது 2014 முதல் குற்றம்.

பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் அருகில் வேகக் கேமராக்கள் உண்டு. வரம்புக்கு மேல் மணிக்கு 6 மைல் போனால் 35 டாலர், 11 மைலைத் தொட்டால் 100 டாலர். அந்த அபராதச் சீட்டு காரின் பதிவு முகவரிக்குத் தபாலில் வரும். வீடு மாறிய பிறகு முகவரியை மாற்றாதவருக்கு அது வந்ததே தெரியாது. கெடு தாண்டியதும் தொகை கூடிவிடும். ஆகவே கார் வாங்குகிறவர் வீடு மாறும் வாரத்திலேயே பதிவு முகவரியையும் மாற்றிவிட வேண்டும்.

## முதல் வழி: கார் வாங்கித் தெருவில் நிறுத்துவது

பார்வைக்கு மலிவானது இதுதான். நகரவாசியின் காருக்கு ஆண்டுதோறும், முன்கண்ணாடியில் ஒட்டும் நகர ஸ்டிக்கர் வாங்க வேண்டும். சாதாரணக் காருக்குச் சுமார் 100 டாலர், கனமான வண்டிகளுக்கு இன்னும் கூடுதல். குடியேறிய அல்லது கார் வாங்கிய 30 நாளுக்குள் இதை வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சீட்டுக்கு 200 டாலர், அதாவது ஸ்டிக்கரின் விலையைப்போல் இரு மடங்கு. வேறு மாநிலத்திலிருந்து ஓட்டிவந்த காருக்கும் இது பொருந்தும். வீடு உள்ள தெரு குடியிருப்போர் மட்டுமே நிறுத்தும் மண்டலமாக இருந்தால், கூடுதலாக ஆண்டுக்குச் சுமார் 25 டாலர் கட்டி மண்டல அனுமதி பெறலாம். மாநிலப் பதிவுக்கு ஆண்டுக்கு 151 டாலர். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 276 டாலர். காப்பீடு தனி.

இப்போது ஒரு டிசம்பர் இரவை எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, விடிகாலை 3 மணி முதல் 7 மணி வரை, நகரின் முக்கியச் சாலைகளில் சுமார் 107 மைல் நீளத்துக்கு வண்டி நிறுத்தத் தடை. பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தடை தடைதான். வானம் தெளிவாக இருக்கிறதே என்று நிறுத்தியவரின் காரை இழுவை வண்டி கட்டிக்கொண்டு போய்விடும். இழுவைக்குக் குறைந்தது 150 டாலர், சீட்டுக்கு 60, கிடங்கில் நாளொன்றுக்கு 25. ஆக ஒரே இரவில் 235 டாலர் போகிறது. ஆண்டு முழுவதற்கும் கட்டிய 276 டாலருக்கு அருகில் அந்த ஓர் இரவே வந்துவிடுகிறது. இது தவிர இன்னொரு 500 மைல் சாலைகளில், இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ பனி படிந்தால் தடை அமலாகலாம். இரண்டுக்கும் பலகைகள் வேறு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள் அதிகம்.

குளிர்காலம் முடிந்தால் தெரு பெருக்கும் காலம் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெருக்கும் வண்டி சுற்றிவரும். பல குடியிருப்புத் தெருக்களில் நிரந்தரப் பலகை கிடையாது. முதல் நாள்தான் மரத்திலும் கம்பத்திலும் ஆரஞ்சு நிறத் தாளைக் கட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை அந்தப் பக்கம் வண்டி நிற்கக் கூடாது என்று அதில் இருக்கும். முதல் கோடையில் நான் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஏதோ மரம் வெட்டும் அறிவிப்பு என்று எண்ணி மாடியேறிவிட்டேன். காலையில் இறங்கி வந்தபோது வரிசையாக இருந்த கார்களெல்லாம் எதிர்ப்பக்கம் போயிருந்தன. என் கார் மட்டும் துடைப்பான் இடுக்கில் 60 டாலர் சீட்டோடு தனியாக நின்றது. அன்றிலிருந்து தெருவின் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் மரங்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

பலகை எதுவும் இல்லாமலே பொருந்தும் விதிகளும் உண்டு. தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் நிறுத்தக் கூடாது. மீறினால் 150 டாலர். சந்திப்பில் பாதசாரிக் கடவைக்கு 20 அடிக்குள்ளும், ஸ்டாப் பலகையை நெருங்கும் பக்கத்தில் 30 அடிக்குள்ளும் நிறுத்தக் கூடாது. பதினைந்து அடி என்பது ஏறத்தாழ ஒரு காரின் நீளம் என்று நினைவில் வைத்தால் கண்ணளவே போதும். போக்குவரத்துத் திசைக்கு எதிராக முகம் வைத்து நிறுத்துவதும் தவறு; ஊரில் காலியிடம் எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம் வண்டியை விட்டுப் பழகியவர்கள் இதை மறந்துபோகிறார்கள்.

எழுதாத விதியும் ஒன்று இருக்கிறது. பெரிய பனிக்குப் பிறகு, மண்வெட்டியால் ஒரு மணி நேரம் பனியை அள்ளித் தன் காரை வெளியே எடுத்தவர், அந்தக் குழியில் ஒரு பழைய நாற்காலியையோ துணிக்கூடையையோ வைத்துவிட்டுப் போவார். அந்த இடம் அவருடையது என்று பொருள். இதை டிப்ஸ் (dibs, "இது என் இடம்" என்று உரிமை கோருவது) என்பார்கள். சட்டம் இதற்கு எந்த உரிமையும் தரவில்லை. சில நாள் கழித்து நகரத்து ஆட்களே அவற்றை அள்ளிக்கொண்டு போவார்கள். ஆனாலும் அந்த நாற்காலியை நகர்த்திவிட்டுக் காரை நிறுத்த வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அக்கம்பக்கத்தாரோடு முதல் அறிமுகம் அப்படி அமையக் கூடாது.

சீட்டுகளைக் கட்டாமல் சேரவிட்டால் சக்கரத்தில் பூட்டு விழும். இறுதி நிலையை அடைந்த மூன்று சீட்டுகள் நிலுவையில் இருந்தாலே போதும். பூட்டைக் கழற்றுவதற்குத் தனிக் கட்டணம், அதையும் கவனிக்காவிட்டால் இழுவை என்று அது நீள்கிறது. வீசாவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிறுத்தக் குற்றச் சீட்டு சிவில் அபராதம் மட்டுமே, கட்டிவிட்டால் தீர்ந்தது. குடித்துவிட்டு ஓட்டிக் கைதாவது முற்றிலும் வேறு. அந்தக் கைதை வைத்தே வீசாவை ரத்து செய்யும் அதிகாரம் வெளியுறவுத் துறைக்கு இருக்கிறது, ரத்து செய்தும் வருகிறார்கள்.

இந்த வழி யாருக்கு நல்லது? பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளிய அமைதியான குடியிருப்புத் தெருவில், மண்டல அனுமதி கிடைக்கும் இடத்தில் வீடு இருந்து, பகல் வேலைக்குக் காரிலேயே போய் மாலை ஆறு மணிக்குள் திரும்புகிறவருக்கு இது நன்றாகவே பொருந்தும். வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறவருக்குப் பொருந்தாது. மூன்று வாரம் சென்னையில் இருக்கும்போது ஆரஞ்சுத் தாள் கட்டப்பட்டால் காரை நகர்த்த ஆள் வேண்டும். புதிதாக வந்தவருக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்குப் பழகிய அண்டைவீட்டார் இருப்பது அரிது.

## இரண்டாம் வழி: மாத வாடகைக்கு ஓர் இடம்

சிகாகோவின் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் சந்துகள் ஓடுகின்றன. வீடுகளின் கராஜ்களும் திறந்த நிறுத்தத் தளங்களும் அந்தச் சந்துகளைப் பார்த்தபடி இருக்கும். வீட்டுக்காரர் தமக்குத் தேவைப்படாத இடத்தை மாத வாடகைக்கு விடுவார். டவுன்டவுனில் அடுக்குமாடிக் கராஜ்கள் உண்டு. குடியிருப்புப் பகுதிச் சந்தில் கிடைக்கும் திறந்த இடத்துக்கும் டவுன்டவுன் கராஜுக்கும் வாடகையில் பல மடங்கு வேறுபாடு இருக்கும். வணிகக் கராஜ்களின் மாதக் கட்டணத்தின்மேல் நகர வரி 20 சதவீதத்துக்கும் அதிகம். சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

இங்கே மறைவான செலவுகள் வேறு வகையானவை. காரைச் சந்தில் நிறுத்தினாலும் நகர ஸ்டிக்கர் வாங்கத்தான் வேண்டும். தெருவில் நிற்காத காருக்கு எதற்கு என்று விட்டவர்கள் உண்டு. திறந்த தளமாக இருந்தால் பனியை அள்ளுவது யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பெரிய பனிக்குப் பிறகு சந்துகள் பெருஞ்சாலைகளைப்போல் உடனே துப்புரவாவதில்லை. கார் பத்திரமாக நிற்கும், ஆனால் சந்திலிருந்து வெளியே வராது. மேலும், வேலைக்கோ கடைக்கோ போகும் இடத்திலும் ஒரு நிறுத்தம் தேவைப்படுகிறது. 2008இல் நகரம் தன் மீட்டர்களை 75 ஆண்டுக்குத் தனியாருக்கு 115 கோடி டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. அதன்பின் கட்டணங்கள் ஏறின. மையப் பகுதியான லூப்பில் மணிக்குச் சுமார் 7 டாலர், வெளிப்பகுதிகளில் பல இடங்களில் 2.50. வீட்டில் இடம் பிடித்துவிட்டு லூப் அலுவலகத்துக்குத் தினமும் காரில் போனால் இரண்டு இடத்துக்கும் வாடகை கொடுப்பதாகிவிடும்.

ஆனாலும் சிலருக்கு இதைத் தவிர வேறு வழி நான் சொல்ல மாட்டேன். இரவுப் பணி முடித்து விடிகாலை 4 மணிக்குத் திரும்பும் மருத்துவமனை ஊழியர், உறைபனியில் நாலு தெரு சுற்றி இடம் தேடிவிட்டு அங்கிருந்து நடந்து வருவது சரியல்ல. கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பம், குளிர்காலத் தடையுள்ள பெருஞ்சாலையிலேயே வீடு அமைந்தவர், வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போகிறவர் ஆகியோரும் இந்த வகையில் வருவார்கள். வீடு தேடும்போதே நிறுத்தத்தையும் சேர்த்துப் பேசினால் வாடகையில் குறைத்துக்கொள்ள வழியுண்டு. குடிவந்த பிறகு தனியாகக் கேட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

## மூன்றாம் வழி: கார் இல்லாமல்

எல் என்று அழைக்கப்படும் ரயிலில் எட்டுத் தடங்கள் உண்டு. சிவப்புத் தடமும் நீலத் தடமும் 24 மணி நேரமும் ஓடுகின்றன. நீலத் தடம் ஓஹேர் விமான நிலையம்வரை போகும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான 30 நாள் பாஸ் 2025இல் 75 டாலராக இருந்தது. அந்த விலையில் ஆண்டுக்குச் சுமார் 900 டாலர். கார்க் கடனின் வட்டி, காப்பீடு, பெட்ரோல், பழுது எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவு. புதியவரிடம் அமெரிக்கக் கடன் வரலாறு இருக்காது. அதனால் கார்க் கடனின் வட்டியும் அதிகம், காப்பீட்டுத் தொகையும் அதிகம். ஓராண்டு காத்திருந்து கடன் அட்டையை ஒழுங்காகக் கட்டிவந்தால் இரண்டும் இறங்கும். காத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூவுக்குப் போய் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை வாங்க 155ஆம் எண் பஸ் போதும். ஆனால் இருபது பவுண்டு அரிசி மூட்டையோடு ஜனவரிக் காற்றில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதை அனுபவித்தவர்கள் மாதம் ஒருமுறையாவது கார் வேண்டும் என்பார்கள். லெமான்ட் குன்றின்மேல் இருக்கும் கோயிலுக்கோ அரோராவிலுள்ள பாலாஜி கோயிலுக்கோ போகவும் அப்படித்தான். லெமான்ட் ஊருக்கு மெட்ரா என்ற புறநகர் ரயில் உண்டென்றாலும் அது வார நாள்களில் மட்டுமே ஓடுகிறது, நாம் கோயிலுக்குப் போவதோ சனி, ஞாயிறில். அத்தகைய நாள்களுக்கு ஜிப்கார் போன்ற மணிக்கணக்கு வாடகைக் கார்கள் உதவும். பெட்ரோலும் அடிப்படைக் காப்பீடும் கட்டணத்திலேயே அடக்கம். ஆனால் எடுத்த இடத்திலேயே குறித்த நேரத்துக்குள் திருப்பி விட வேண்டும்; தாமதித்தால் அபராதம். அடிபட்டால் ஒரு தொகைவரை நம் பொறுப்பில் விழும், அது எவ்வளவு என்பதைச் சேரும்போதே படித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரை ஆரஞ்சுத் தாளுக்குக் கீழே நிறுத்திவிட்டால் சீட்டும் நமக்குத்தான், அதோடு நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

வேலை புறநகர் அலுவலக வளாகத்தில் இருந்தால் இந்த வழி சரிப்படாது. ரயில் நிலையத்திலிருந்து அங்கே போகும் கடைசி மூன்று மைல்தான் பெரும்பாடு. வீட்டிலிருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ வேலை அனுமதி இல்லாத நிலையில், கார் இல்லாததால் அவர்களுடைய உலகம் நாலு தெருவுக்குள் சுருங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அத்தகைய குடும்பம் கார் வாங்காவிட்டாலும் இருவருமே உரிமம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தெருவில் | மாத வாடகை இடம் | கார் இல்லாமல் |
|---|---|---|---|
| ஏற்ற வீடு | உள்தெரு, மண்டல அனுமதி உள்ள இடம் | பெருஞ்சாலை, நெருக்கமான பகுதி | எல் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை |
| வேலை | பகல், மாலையில் திரும்புதல் | இரவுப் பணி, அடிக்கடி வெளியூர் | லூப் அலுவலகம், கல்லூரி |
| நிலையான செலவு | ஆண்டுக்குச் சுமார் 276 டாலர், காப்பீடு தனி | அதோடு மாத வாடகையும் | 2025 விலையில் ஆண்டுக்குச் சுமார் 900 டாலர், வாடகைக் கார் தனி |
| மறைவான செலவு | சீட்டு, இழுவை, தேடும் நேரம் | நகர வரி, போகும் இடத்து மீட்டர் | தாமத அபராதம், சேதப் பொறுப்பு |
| பனிக்காலம் | மிகக் கடினம் | சந்துப் பனி மட்டும் | காத்திருக்கும் குளிர் |
| ஒரு தவறின் விலை | 60 முதல் 235 டாலர் | குறைவு | குறைவு |

## நான் சொல்லும் யோசனை

செப்டம்பர் முதல் பிப்ரவரிக்குள் வந்து இறங்குகிறவர், எல் அருகில் வீடு அமைந்தால், முதல் குளிர்காலத்தைக் கார் இல்லாமல் கழிக்கலாம். அந்த மாதங்களில் உரிமத்தை வாங்கிவிடலாம், கடன் வரலாறும் வளரத் தொடங்கும், பனியில் மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதை நடைபாதையில் நின்றே பார்க்கலாம். பிறகு ஏப்ரலில் வாங்கினால், அடுத்த டிசம்பருக்குள் தெருவின் பழக்கவழக்கங்கள் கைவந்துவிடும். வேலையோ குழந்தையோ அவ்வளவு காத்திருக்க விடாது என்றால், முதல் ஆண்டுக்கு மட்டுமாவது மாத வாடகை இடம் பிடிப்பது நல்லது. தெரு நிறுத்தத்தை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த முடிவுகள் எல்லாம் வீட்டைப் பொறுத்தவை என்பதால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வார நாளில் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவுக்குப் போய், இரு முனைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை காலியிடம் இருக்கிறது, எத்தனை தீயணைப்புக் குழாய் இருக்கிறது என்று எண்ணுங்கள். கம்பங்களில் உள்ள பலகைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது காரை நிறுத்திவிட்டு இறங்கினால், குளிர்காலத்தில் இங்கே எப்படி என்று கேளுங்கள். இந்த ஊர்க்காரர்கள் அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வார்கள்.